விளக்கு எரியும்போதே அளந்து பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்களிடம், கூடவே ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரும் வாங்கிக் கொள்ளுங்கள் என்று நான் சொல்வதுண்டு. சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மஞ்சள் ஒயரில் 12 வோல்ட், சிவப்பில் 5 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வாங்கிய என் மீட்டர், காரின் ஒயரிங் கோளாறையும் காட்டிக் கொடுத்தது.

365 படிகள் ஏற முடியாத அம்மாவைத் திருத்தணி மலைக்கோயிலுக்குக் காரில் அழைத்துப் போயிருந்தேன். இரவு இறங்கும்போது இடது ஹெட்லைட் தணல் போல மங்கிவிட்டது. வளைவுகளில் பாதையின் ஓரம் தெரியவில்லை. ஊர்ந்துதான் கீழே வந்தோம்.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பல்பை மாற்றினார்கள். பயனில்லை. உடனே 15 ஆம்பியர் நீல ஃபியூஸை எடுத்துவிட்டு 30 ஆம்பியர் பச்சை ஃபியூஸைச் செருகி, "இனி கரண்ட் நல்லா வரும் சார்" என்றார்கள். இதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். ஃபியூஸ் கரண்டைக் கூட்டாது. ஒயர் தாங்கும் அளவைக் கரண்ட் தாண்டினால் தான் உருகி ஒயரைக் காப்பதே அதன் வேலை. பெரியதைப் போட்டால் ஃபியூஸுக்குப் பதில் ஒயர் உருகும். கார் தீப்பிடிக்கவும் கூடும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மறுபடி 15 ஆம்பியரையே போட்டேன்.

பிறகு மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, பல்பின் பிளக்கைக் கழற்றி அளந்தேன். 12.6 வோல்ட். பேட்டரியிலும் அதேதான். எல்லாம் சரியாக இருக்கிறதே என்று நானும் ஏமாந்தேன். பல்ப் இல்லாதபோது கரண்ட் ஓடுவதில்லை. மீட்டர் எடுப்பது மிகச் சொற்பம். ஆகவே துருப்பிடித்த இணைப்பு கூட முழு வோல்ட்டேஜைக் காட்டும். 55 வாட் பல்ப் நாலு, நாலரை ஆம்பியர் இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

பிளக்கை மாட்டி, விளக்கை எரியவிட்டு, பிளக்கின் பின்பக்கமாக மீட்டர் முனைகளை நுழைத்துப் பார்த்தேன். 9.6 வோல்ட்! பேட்டரியில் 12.4 இருக்கிறது. மீதி 2.8 எங்கே போயிற்று? கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், சிவப்பு முனையைப் பல்பின் எர்த் ஒயரிலும் வைத்தேன். நல்ல இணைப்பானால் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். 2.5 காட்டியது. பாசிட்டிவ் பக்க இழப்பு வெறும் 0.3.

எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், பேட்டரித் தட்டுக்குக் கீழே அதைப் பாடியோடு முறுக்கியிருந்த போல்ட் முழுக்கத் துரு. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, எமரி பேப்பரால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். மீண்டும் அளந்தபோது 0.1. செலவு, ஒரு எமரி பேப்பர்.

நீங்கள் செய்யும்போது ஓர் எச்சரிக்கை: மீட்டரின் சிவப்பு ஒயர் ஆம்பியர் துளையில் இருக்கும்போது பேட்டரியைத் தொட்டால் அது ஷார்ட் சர்க்யூட்தான். மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் ஒயர்களையும் தொட வேண்டாம்.

கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியே கழற்றி அளக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க், மதர்போர்டு எல்லாம் ஓடும்போதே, உபரியாகத் தொங்கும் கனெக்டரில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே பாருங்கள். 11.4க்குக் கீழே இறங்கினால் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்ற வேண்டியிருக்கும். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் ஷாக் அடிக்கும்.