பெயரைத் தேடும் வேகம்

குருண், கெடா

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய ஒற்றை வரி கிடைத்தது: "பெரியப்பா, சர்வர் வினாடிக்கு 2,500 தேடல் செய்கிறது, இது நல்லதா?" தொழிற்பயிற்சிக்குப் போன இடத்தில் எல்லாருடைய பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும் கல்லூரியின் டைரக்டரி சர்வரையே உன்னிடம் நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் அந்த வரிக்கு ஆமாம் என்றும் எழுத முடியாது, இல்லை என்றும் எழுத முடியாது. எத்தனை பேர் ஒரே சமயத்தில் கேட்டார்கள், என்ன கேட்டார்கள், கேட்ட ஆள் பதிலில் வந்தாரா என்று நீ சொல்லவே இல்லையே.

நீ ஓட்டியது எல்டிசிஎல்டி என்ற வேகச் சோதனைக் கருவி. நீயாக எதையும் மாற்றாவிட்டால் அது 10 திரெட்களைத் திறக்கும். 10 வினாடிக்கு ஒருமுறை சராசரியை அச்சிடும். ஒவ்வொரு திரெட்டும் ஒரு கேள்வியை அனுப்பிவிட்டு, பதில் வந்த பிறகுதான் அடுத்ததை அனுப்பும். ஆக, எந்த நொடியிலும் சர்வரின் கையில் இருப்பவை அதிகம் போனால் 10 கேள்விகள். 10ஐ 2,500ஆல் வகுத்துப் பார். ஒரு பதிலுக்குச் சராசரியாக 4 மில்லிவினாடி ஆகிறது. காத்திருப்போர் எண்ணிக்கை, வேகம், காத்திருக்கும் நேரம் மூன்றையும் கட்டிப்போடும் இந்த விதியை ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்தார். இப்போது திரெட்டை 20 ஆக்கு. வேகம் 5,000ஐ நெருங்கினால் சர்வருக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. அதே 2,500இல் நின்றால், அதன் எல்லையைத் தொட்டுவிட்டாய். ஒவ்வொருவரும் 8 மில்லிவினாடி காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 1, 5, 10, 20, 40 என்று படிப்படியாக ஏற்றி, வேகம் எங்கே ஏற மறுக்கிறது என்று குறித்து வை. உன் ஒற்றை எண்ணைவிட அந்த இடம் எனக்கு முக்கியம்.

இந்தச் சர்வரின் பூர்வீகத்தையும் சொல்லிவிடுகிறேன், யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அது பேசும் எல்டேப் என்ற நெறிமுறையின் முதல் ஆவணம் 1993 ஜூலையில் வந்தது. எழுதியவர்கள் வெங்யிக் இயோங், டிம் ஹௌஸ், ஸ்டீவ் கில். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அதற்குச் சர்வர் எழுதிய ஹௌஸ் 1996இல் நெட்ஸ்கேப்புக்குப் போனார். அங்கே வளர்ந்த டைரக்டரி சர்வரை ரெட் ஹேட் 2004இல் வாங்கி, மறு ஆண்டு மூல நிரலைத் திறந்துவிட்டது. எல்டேப் பயன்படுத்தும் போர்ட் எண்ணையே பெயராக வைத்து, 2009இல் அதற்கு 389 என்று பெயரிட்டார்கள். எல்டிசிஎல்டி அதோடு கூடவே வருகிற கருவி.

இப்போது உன் கல்லூரியின் காலை எட்டு மணியை எண்ணிப் பார். உன் தாத்தா காலத்தில் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக் களத்தில் தொழிலாளர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள், கிராணி செக்ரோல் என்ற ஆள்பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். உன் சர்வருக்கும் அதே பெரட்டு நேரம் உண்டு. ஆய்வகக் கணினி, வைஃபை, மின்னஞ்சல் என்று எல்லா வாசலிலும் மாணவர்கள் ஒரே சமயத்தில் கடவுச்சொல்லைத் தட்டுகிறார்கள். எல்டேப் பேச்சில் அதற்குப் பைண்ட் என்று பெயர். அது தேடலைவிடப் பல மடங்கு கனமான வேலை. கடவுச்சொல் கோப்பைத் திருடியவன் லேசில் உடைத்துவிடக் கூடாது என்பதற்காக, ஒப்பிடும் கணக்கை வேண்டுமென்றே நீளமாக வைத்திருக்கிறார்கள். நீ அளந்தது தேடலை மட்டும். பைண்ட்ஈச், பைண்ட்ஒன்லி என்ற இரண்டு விருப்பங்களையும் சேர்த்துக் கொடுத்து ஓட்டிப் பார். எண் சரிந்தால் பயப்படாதே. காலையில் மாணவர்கள் உணரப்போவது அந்த எண்ணைத்தான்.

அடுத்தது பெயர்கள். இதை யாரும் கையேட்டில் எழுத மாட்டார்கள், நம் ஊர்க்காரர்கள்தான் கவனிக்க வேண்டும். எல்டிசிஎல்டியின் கையேட்டில் வருகிற மாதிரி ஆட்களுக்கு ஒரு சுருக்கத்தோடு ஓர் எண்தான் பெயர். அப்படிப்பட்ட ஆட்களை ஒரு லட்சம் உருவாக்கி, அதில் சீரற்ற ஓர் எண்ணைத் தேடினால் இண்டெக்ஸ் அழகாக வேலை செய்யும். கெடாவில் அப்படி யாருக்குப் பெயர் இருக்கிறது? முனியாண்டி ஏ/எல் சுப்பையா, தேவி ஏ/பி ராமசாமி, அகமட் பின் இஸ்மாயில் என்றுதான் பதிவுகள் இருக்கும். பெயரின் ஒரு பகுதியை வைத்துத் தேடுவதற்காக 389 சர்வர் ஒவ்வொரு பெயரையும் மூன்று மூன்று எழுத்துத் துண்டுகளாக வெட்டி இண்டெக்ஸில் வைக்கும். ரோமன் எழுத்தில் எழுதும்போது, சாய்கோட்டையும் சேர்த்து, மகன் என்பதைக் குறிக்கும் "ஏ/எல்" சரியாக மூன்று குறிகள். மகளைக் குறிக்கும் "ஏ/பி"யும் மூன்று. "பின்" மூன்று, "பிந்தி" என்ற சொல்லுக்குள்ளும் அதே மூன்று. நம் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே துண்டின்கீழ் குவிந்து கிடப்பார்கள்.

பெயரைச் சொல் சொல்லாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் "அல்லது" போட்டுத் தேடும் பெட்டிகள் உண்டு. அப்படி ஒன்றில் யாராவது முழுப் பெயரைத் தட்டினால், முனியாண்டியோடு சேர்த்து எல்லா "ஏ/எல்"லையும் சர்வர் வாரி எடுக்கும். பழைய பதிப்புகளில் இப்படி ஒரு துண்டின்கீழ் சேரும் பட்டியலுக்கு 4,000 என்பது இயல்பான வரம்பு. அதைத் தாண்டினால் இண்டெக்ஸைக் கைவிட்டு, எல்லாப் பதிவையும் ஒவ்வொன்றாகப் புரட்டும். படித்து முடித்தவர்களையும் நீக்காமல் வைத்திருக்கும் கல்லூரியில் 4,000 எட்டாத எண்ணிக்கை இல்லை. அப்படி நடந்த தேடலின் வரியில், சர்வர் எழுதி வரும் அணுகல் பதிவேடு "நோட்ஸ்" என்று ஒரு குறி போட்டு வைக்கும். தேடிப் பார்.

குடும்பப் பெயரும் இப்படித்தான். ஆளைக் குறிக்கும் அடிப்படை ஸ்கீமாவில் குடும்பப் பெயர் கட்டாயம். நமக்கு அது இல்லை. அதனால் அப்பா பெயரைப் போடுகிறவர்கள் உண்டு, முழுப் பெயரையே மறுபடி போடுகிறவர்கள் உண்டு, வெறும் புள்ளி வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. எல்லாருக்கும் புள்ளி என்றால் அந்த இண்டெக்ஸ் இருந்தும் பயனில்லை. உங்கள் கல்லூரியில் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சோதனைப் பதிவுகளையும் அதே மாதிரி உருவாக்கு. கோப்பிலிருந்து சீரற்ற பெயரை எடுத்துப் போடும் வசதி எல்டிசிஎல்டியின் வார்ப்புருவில் இருக்கிறது. பிள்ளைகள் பெயர் ஒரு பட்டியல், அப்பாமார் பெயர் ஒரு பட்டியல் என்று எழுதிக் கலந்துகொள். மாணவர்களின் உண்மையான பதிவை நகலெடுத்துச் சோதனைக் கணினியில் போடாதே. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அது முறையும் இல்லை.

ஒரு பொறி இருக்கிறது. இல்லாத ஆளைத் தேடினாலும் சர்வர் "வெற்றி" என்றே பதில் தரும்; கிடைத்த பதிவுகள் பூஜ்யம் என்று சொல்லும். தேடுகிற எண்களின் எல்லை நீ ஏற்றிய பதிவுகளோடு பொருந்தாவிட்டால், வெறும் பதிலை வேகவேகமாகக் கொடுத்து எண்ணை ஏற்றிக் காட்டும். அணுகல் பதிவேட்டில் ஒவ்வொரு பதிலிலும் எத்தனை பதிவு வந்தது, எவ்வளவு நேரம் ஆனது என்று இருக்கும். அதைப் பார்க்காமல் எதையும் நம்பாதே. சர்ச்ரேட் என்ற இன்னொரு கருவி, தேடலுக்கு எத்தனை பதிவு வந்தது என்பதையும் சராசரி நேரத்தையும் தானே பக்கத்தில் அச்சிடும். தேட வேண்டிய பெயர்களைக் கோப்பிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

சர்வர் ஓடும் அதே கணினியில் கருவியை ஓட்டாதே, இரண்டும் ஒரே சிபியூவுக்கு அடித்துக்கொள்ளும். முதல் சில வரிகளையும் விட்டுவிடு, கேஷ் நிரம்பும் வரை அவை குறைவாகவே இருக்கும்.

கடைசியாக ஒன்று, கொஞ்சம் சிக்கலானது. பதில் வந்த பிறகே அடுத்த கேள்வி என்று சொன்னேன் இல்லையா? சர்வர் இரண்டு வினாடி திணறினால் உன் 10 திரெட்டும் அந்த இரண்டு வினாடி வாய்மூடிக் காத்திருக்கும். அந்த நேரத்தில் கேட்டிருக்க வேண்டிய ஆயிரக்கணக்கான கேள்விகள் கணக்கிலேயே வராது. சராசரி லேசாக இறங்கும், பார்க்கிறவர் கண்ணில் படாது. மாணவர்கள் அப்படிக் காத்திருப்பதில்லை. திணறத் திணற இன்னும் இரண்டு முறை தட்டுவார்கள். அதனால் சராசரியோடு விடாதே, மிக மெதுவான பதில் எவ்வளவு நேரம் எடுத்தது என்றும் எடு. வினாடிக்கு இத்தனை என்று வேகத்தைக் கட்டி வைக்கும் விருப்பம் சர்ச்ரேட்டில் உண்டு. உங்கள் காலை நெரிசலை லாக்கான்வ் என்ற நிரலால் பதிவேட்டிலிருந்து எண்ணி எடுத்து, அந்த வேகத்தில் கட்டி ஓட்டு.

இதெல்லாம் சோதனைச் சர்வரில்தான், அதுவும் மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டு. அடுத்த முறை எண்ணை மட்டும் அனுப்பாதே, நீ தட்டிய கட்டளை வரியை முழுசாக அனுப்பு, கடவுச்சொல்லை மட்டும் அழித்துவிட்டு.

அன்புடன்,
பெரியப்பா