சாட்சி இருந்தால்தான் குற்றம்!
(மென்சோபெரன்சான் நகரின் பிரபு வீடுகள் – ஒரு பார்வை)

கதைப் புத்தகத்தில் ஒரு நகரம் வந்தால் ராஜா, கோட்டை, கடைவீதி என்று நாலு வரியில் சொல்லிவிட்டுக் கதாசிரியர் மேலே போய்விடுவார். அந்த ஊரில் சட்டம் என்ன, சண்டை வந்தால் யார் தீர்ப்பு சொல்வார்கள், யார் பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்றெல்லாம் நாமும் கேட்கமாட்டோம். ஆனால் விளையாட்டுக்காக உண்டாக்கிய நகரம் அப்படித் தப்பிக்க முடியாது. ஆடுகிறவன் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நுழைவான், எந்தக் கதவை வேண்டுமானாலும் தட்டுவான். உள்ளே யார் இருக்கிறார், அவருக்கு யார் எதிரி என்பதற்குப் பதில் தயாராக இருக்கணும். அப்படி உருவான ஒரு நகரத்தைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பெயர் மென்சோபெரன்சான். வாயில் நுழைய இரண்டு தடவை சொல்லிப் பாருங்க, பழகிவிடும்.

விளையாட்டு எது?

'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. ஒருவர் நடுவர் மாதிரி இருந்து கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நான் மதில் ஏறுகிறேன்" என்று ஒருவர் சொன்னால், ஏறினாரா விழுந்தாரா என்பதை 20 முகம் உள்ள பகடை சொல்லும்.

இந்த விளையாட்டில் ட்ரௌ என்று ஒரு இனம். பூமிக்கு அடியில் குகைகளில் வாழ்பவர்கள், கறுத்த தோல், வெளுத்த முடி, நூற்றுக்கணக்கான வருஷ ஆயுசு. 1978-ல் கைகாக்ஸ் எழுதிய ஆட்டப் புத்தகங்களில் இவர்கள் பெரிதாக வந்தார்கள். பிறகு எட் கிரீன்வுட் என்ற கனடாக்காரர் உண்டாக்கிய 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' உலகம் 1987-ல் வெளியானது. அந்த உலகத்தை வைத்து ஆர். ஏ. சால்வடோர் நாவல்கள் எழுதினார். 1990-ல் வந்த 'ஹோம்லேண்ட்' நாவலில்தான் நம்ம நகரம் முழுசாகக் கண்முன் வருகிறது. 1992-ல் மென்சோபெரன்சான் பற்றித் தனியாக ஒரு ஆட்டப்பெட்டியே வெளியிட்டார்கள்.

ஊரும் வீடும்

இரண்டு மைல் அகலம், ஆயிரம் அடி உயரம் உள்ள ஒரே குகை. அதற்குள் சுமார் 20,000 ட்ரௌ மக்கள். அடிமைகள் தனி. சூரியன் கிடையாது. பொழுது தெரிய நார்பாண்டல் என்ற பெரிய கல்தூண் இருக்கிறது. நகரத்தின் தலைமை மந்திரவாதி தினமும் அதன் அடியில் மந்திர வெப்பத்தை ஏற்றுவார். அந்த வெப்பம் மெதுவாக மேலே ஏறும். எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பார்த்து மணி தெரிந்துகொள்வார்கள். வெப்பத்தையே கண்ணால் பார்க்கும் இனம் என்பதால் இந்த ஏற்பாடு.

ஊரில் பெரிய புள்ளிகள் எல்லாம் 'வீடு' கணக்கில்தான். வீடு என்றால் கட்டடம் மட்டுமில்லை. குலம், படை, கோயில், சொத்து எல்லாம் சேர்ந்தது. ஒரு வீட்டின் உள்ளமைப்பு இப்படி இருக்கும்:

1. குலத்தாய் – வீட்டின் தலைவி. சிலந்தி தெய்வமான லோல்த்தின் பெரிய பூசாரியும் அவளே.
2. மகள்கள் – பூசாரிகள். அடுத்த குலத்தாய் ஆகக் காத்திருப்பவர்கள்.
3. மகன்கள் – மூத்தவன், இளையவன் என்று வரிசை உண்டு. மூன்றாவதாகப் பிறந்தவனைத் தெய்வத்துக்குப் பலி கொடுப்பது வழக்கம்.
4. படைவாத்தியார், வீட்டு மந்திரவாதி.
5. படைவீரர்கள், கடைசியில் அடிமைகள்.

வீடுகளுக்கு முதல் வீடு, இரண்டாம் வீடு என்று ரேங்க் போட்டிருப்பார்கள். முதல் வீடு பேன்ரே. முதல் எட்டு வீடுகளின் குலத்தாய்கள் சேர்ந்ததுதான் ஆளும் மன்றம். படிப்புக்கும் கல்விக்கூடம் உண்டு. போர்வீரனுக்கு 10 வருஷம், மந்திரவாதிக்கு 30, பூசாரிக்கு 50. நம்ம மூணு வருஷ டிப்ளமாவுக்கே மூச்சு வாங்குகிறவர்கள் கவனிக்கவும்!

ஒரே ஒரு சட்டம்

இப்போதுதான் பாடத்தின் முக்கியப் பகுதி. ஒரு வீடு இன்னொரு வீட்டைத் தாக்குவது சட்டப்படி குற்றம். ஆனால் குற்றம் சாட்டுவதற்கு அழிந்த வீட்டின் பிரபு வம்சத்தில் ஒருவராவது உயிரோடு இருந்து மன்றத்தின் முன் வரணும். வந்தால், தாக்கிய வீட்டை மற்ற வீடுகள் சேர்ந்து தரைமட்டமாக்கிவிடும். யாரும் மிஞ்சவில்லையா? அப்படியானால் அப்படி ஒரு வீடு அந்த ஊரில் இருந்ததே இல்லை என்று எல்லாரும் நடந்துகொள்வார்கள்.

கொலை தப்பில்லை, அரைகுறையாகச் செய்வதுதான் தப்பு! "காப்பி அடிச்சது தப்பில்ல, மாட்டினதுதான் தப்பு" என்று பரீட்சை ஹாலுக்கு வெளியே கேட்கிற அதே நியாயம்தான். அங்கே அதைச் சட்டமாகவே வைத்துவிட்டார்கள்.

'ஹோம்லேண்ட்' கதையே இதில்தான் தொடங்குகிறது. பத்தாவது இடத்தில் இருந்த டோ உர்டன் வீடு, நாலாவது இடத்தில் இருந்த டெவிர் வீட்டை ஒரே இரவில் அழிக்கிறது. டெவிர் குலத்தாய்மேல் தெய்வத்துக்குக் கோபம் என்று தெரிந்ததால் வந்த துணிச்சல். அதே இரவில் டோ உர்டன் வீட்டில் மூன்றாவது மகன் பிறக்கிறான். பலிக்குரியவன். ஆனால் அந்தச் சண்டையின் நடுவில் இரண்டாவது மகன் தன் அண்ணனையே குத்திக் கொன்றுவிடுகிறான். அதனால் குழந்தை இரண்டாவது மகனாகி உயிர் பிழைக்கிறது. அவன்தான் டிரிஸ்ட்.

டெவிர் வீட்டில் ஒருவன் மட்டும் தப்பிவிடுகிறான். பெயர் ஆல்டன். கல்விக்கூடத்தில் மந்திரம் படித்துக்கொண்டிருந்தவன். அவனாலும் வழக்குப் போட முடியவில்லை. தாக்கியது யார் என்றே அவனுக்குத் தெரியாது. செத்துப்போன ஒரு வாத்தியாரின் வேஷத்தில் வருஷக்கணக்கில் ஒளிந்து வாழ்கிறான்.

ஏன் யாரும் வாய் திறப்பதில்லை?

பயம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் கணக்கைப் பாருங்க. நாலாவது வீடு அழிந்ததும் ஐந்தாவது வீடு நாலாவது ஆகிறது, ஆறாவது ஐந்தாவது ஆகிறது. பத்தாவதாக இருந்த டோ உர்டன் ஒன்பதாவது ஆகிறது. பதினோராவது வீடு ஒரு கல்கூட எறியாமல் பத்தாவது ஆகிறது! அதாவது ஒருவன் செய்த கொலையில் கீழே உள்ள அத்தனை பேருக்கும் ஒரு படி ஏற்றம். லாபம் அடைந்தவன் எதற்குச் சாட்சி சொல்லப் போகிறான்?

இந்த ரேங்க் லிஸ்ட்டும் அந்தச் சட்டமும் சேர்ந்துதான் நகரத்தின் எஞ்சின். அதிலிருந்து வரும் விளைவுகள்:

ஒன்று, நம்பிக்கை கிடையாது. வெளி எதிரியைவிட வீட்டுக்குள் இருக்கும் எதிரி பக்கத்தில் இருக்கிறான். டோ உர்டன் வீடு பிறகு எட்டாவது இடத்துக்கும் வந்தது. மன்றத்தில் உட்கார்ந்த அந்தக் குலத்தாயைக் கடைசியில் கொன்றது எதிரி வீடு அல்ல, அவளுடைய சொந்த மகள்.

இரண்டு, ஊர் ஒன்றுசேர முடியாது. 1994-ல் வந்த 'சீஜ் ஆஃப் டார்க்னஸ்' நாவலில் பேன்ரே குலத்தாய் பல வீடுகளின் படைகளையும் திரட்டிக்கொண்டு குள்ளர்களின் மித்ரல் ஹால்மீது போகிறாள். தோல்வி. அவளும் அங்கேயே சாகிறாள்.

மூன்று, வீடு இழந்தவனுக்கு ஊரில் இடமில்லை. அப்படிப்பட்ட ஆண்களைச் சேர்த்துக் கூலிப்படை நடத்துகிறான் ஜார்லாக்ஸில் என்பவன். எல்லா வீடுகளுக்கும் அவன் தேவைப்படுகிறான். பாய்லருக்கு சேஃப்டி வால்வு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'பொம்பளைங்க ஆண்டா இப்படித்தான்' என்று யாராவது கிளம்பிவிடக் கூடாது. குலத்தாய்களை எடுத்துவிட்டுக் குலத்தந்தைகளை வைத்துப் பாருங்க. அதே சட்டமும் அதே ரேங்க் லிஸ்ட்டும் இருந்தால் அதே கொலைகள்தான் நடக்கும்.

பிறப்பா, வளர்ப்பா?

பழைய விதிப் புத்தகங்களில் ட்ரௌ இனத்துக்கு நேராகக் 'கெட்ட குணம்' என்று அச்சடித்திருந்தார்கள். கறுத்த தோல் உள்ள ஓர் இனம் முழுக்கப் பிறவியிலேயே கெட்டது என்றால், அதைப் படிக்கும் கறுத்த பையன் என்ன நினைப்பான்? இந்தக் கேள்வி பல வருஷம் எழுந்துகொண்டே இருந்தது. விளையாட்டை இப்போது வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2020-ல் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ட்ரௌ, ஆர்க் போன்ற இனங்களைச் சித்தரித்த விதம், நிஜ உலகில் சில இனத்தவரை இழிவுபடுத்திய விதத்தை நினைவூட்டுகிறது, மாற்றிக்கொள்கிறோம் என்று அறிவித்தது. 2021-ல் சால்வடோரும் 'ஸ்டார்லைட் என்க்ளேவ்' நாவலில் வட துருவப் பனியில் வாழும் வேறு ட்ரௌ மக்களைக் காட்டினார். அவர்கள் லோல்த்தை வணங்காதவர்கள். ரத்தம் அதே ரத்தம், ஊர் வேறு, வாழ்க்கையும் வேறு.

யோசித்தால் விடை 'ஹோம்லேண்ட்' நாவலிலேயே இருந்தது. டிரிஸ்ட்டின் அப்பா ஸாக்னஃபைன், அந்த வீட்டின் படைவாத்தியார். ஊர் நியாயம் பிடிக்காத மனுஷன். கடைசியில் மகனுக்குப் பதிலாகத் தானே பலியாகிறார். மகன் ஊரைவிட்டே வெளியேறுகிறான். பிறவியிலேயே கெட்ட இனமாக இருந்திருந்தால் இந்த இருவரும் எங்கிருந்து வந்தார்கள்?

முடிவாக

நண்பர்களே, ஒரு மெஷின் திரும்பத் திரும்ப ஒரே பழுதான பாகத்தைத் தள்ளினால் நாம் இரும்பைத் திட்டமாட்டோம், டிசைனைப் பார்ப்போம். சமுதாயத்துக்கும் அதே பார்வை வேண்டும். ஒரு சங்கமோ, ஹாஸ்டலோ, ஊரோ எதுவானாலும் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்க. இங்கே தப்பு செய்தவனுக்குத் தண்டனையா, மாட்டியவனுக்கு மட்டுமா? ஒருவன் விழுந்தால் லாபம் யாருக்கு? பாதிக்கப்பட்டவனே வந்து சொன்னால்தான் உண்டு என்று மற்றவர்கள் ஒதுங்கி நிற்கிறார்களா?

மூன்றாவது கேள்விக்கு 'இல்லை, நாங்க சொல்வோம்' என்று பதில் வரும் இடத்தில் மென்சோபெரன்சான் உருவாக முடியாது. அந்த 20,000 பேரில் பார்த்ததைச் சொல்ல ஒரு பத்து வீடு முன்வந்திருந்தால் டெவிர் வீட்டுக் கொலைக்கு அன்றைக்கே வழக்கு நடந்திருக்கும்.