துக்ளக் ஆசிரியர் சோ

நாம் நன்கறிந்த 'டெய்லி டெலிகிராம்ஸ்' நாளிதழை நடத்துவது அந்தமான் நிர்வாகமே. அதைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு, ஆட்சியாளர்களைக் கேலி செய்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு பத்திரிகை ஆசிரியரை அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

சோ ராமசாமி 1934 அக்டோபர் 5 அன்று சென்னையில் பிறந்தார். வழக்கறிஞர், நாடகம், சினிமா இரண்டிலும் பெயர் பெற்றவர். 1968இல் மேடையேறிய 'முகமது பின் துக்ளக்' நாடகத்தின் பெயரையே, 1970 ஜனவரி 14இல் தொடங்கிய தம் இதழுக்கும் சூட்டினார். சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பல் பயணம் செய்து இங்கே வந்து சேர்வதற்குள் அதன் அரசியல் செய்திகள் ஆறிவிடும். கேள்வி-பதில் பகுதி மட்டும் சூடு குறையாது. நான் முதலில் புரட்டுவதும் அதைத்தான்.

1971இல் சேலத்தில் நடந்த திராவிடர் கழக ஊர்வலம் பற்றி வெளியிட்டதற்காகத் துக்ளக் இதழ்கள் பறிமுதலாயின. அந்த ஊர்வலத்தில் நடந்தது என்ன என்ற சர்ச்சை 2020இலும் எழுந்தது! பறிமுதலே இதழுக்கு விளம்பரமாயிற்று. ஆனால் அவ்வாண்டுத் தேர்தலில் தி.மு.க. பெருவெற்றி பெற்றது. பத்திரிகை விற்பது வேறு, வாக்கு விழுவது வேறு. 1975இல் நெருக்கடி நிலை வந்தபோது அட்டையையே கறுப்பாக்கித் தம் எதிர்ப்பைக் காட்டினார். தமிழகமே விடுதலைப் புலிகளிடம் பரிவு காட்டிய காலத்திலும் அவர்களை எதிர்த்து எழுதினார். அதற்காக அவரைத் தமிழர் விரோதி என்றவர்கள் பலர். பெண்ணுரிமை பேசியவர்களை அவர் கிண்டல் செய்தது எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

என் மனக்குறை வேறொன்று. 1996இல் தி.மு.க., த.மா.கா. கூட்டணி அமைய உதவியவர் அவர், அதே தி.மு.க.வை ஆண்டுக்கணக்கில் சாடியவர்! பிறகு ஜெயலலிதாவுக்கு நெருங்கிய ஆலோசகரானார். ஆட்சியாளருக்கு யோசனை சொல்பவர் அவர்களையே எடைபோட்டு எழுதும்போது, வாசகன் தராசையும் பார்க்கத்தானே வேண்டும்? தம் சார்பை அவர் ஒளிக்கவில்லை என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் வெளிப்படையாக இருப்பதும் விலகி நிற்பதும் ஒன்றல்ல.

2016 டிசம்பர் 5 இரவு சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் ஜெயலலிதா இறந்தார். டிசம்பர் 7 அதிகாலை, அதே மருத்துவமனையில் சோவும் மறைந்தார், வயது 82. பின்னர் வர்தா புயலாக உருவெடுத்த தாழ்வு மண்டலத்தால் ஹேவ்லாக், நீல் தீவுகளில் சுற்றுலாப் பயணிகள் சிக்கித் தவித்த நாட்கள் அவை. கடல் கொந்தளித்துக் கிடந்ததால், நம்மில் பலருக்கு அந்த இரங்கல் செய்தியும் தாமதமாகவே எட்டியது. 2017இல் அவருக்குப் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது. துக்ளக் ஆசிரியர் பொறுப்பு எஸ். குருமூர்த்தியிடம் சென்றது.