கனெக்‌ஷனை வீணாக்காதீங்க! ஏ.பி.ஐ. கோட் எழுதும் தம்பி தங்கைகளுக்கு அக்காவின் 9 டிப்ஸ்

வேலைக்குச் சேர்ந்த புதுசுல கையில் வந்து விழுற வேலைகள்ல ஒண்ணு, ஏதாவது ஒரு ஏ.பி.ஐ.யில் இருந்து டேட்டா எடுக்கிறது. பைதான்ல ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியை இன்ஸ்டால் பண்ணி, ஒரு லூப் போட்டு, உள்ளே ‘ரிக்வெஸ்ட்ஸ்.கெட்’னு எழுதிட்டா முடிஞ்சுது. பத்து ரெக்கார்டுக்கு நல்லாவே ஓடும். பத்தாயிரம் ரெக்கார்டு கொடுத்ததும் நொண்டும். உடனே ‘சர்வர் ஸ்லோ’ன்னு புகார் எழுதிடுவோம். பல நேரம் குற்றவாளி நம்ம கோட்தான். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் புதுசா ஒரு கனெக்‌ஷன் திறந்து, உடனே மூடிட்டு இருக்கும். இதைச் சரிசெய்யப் பெரிய படிப்பு வேண்டாம். கீழே இருக்கிறதை வரிசையா செய்ங்க.

1. முதல்ல செலவு எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கோங்க

ஒரு ஹெச்.டி.டி.பி.எஸ். ரிக்வெஸ்ட் கிளம்புறதுக்கு முன்னாடியே டி.என்.எஸ்., டி.சி.பி. ஹேண்ட்ஷேக், டி.எல்.எஸ். ஹேண்ட்ஷேக்னு மூணு படி இருக்கு. டி.சி.பி.க்கு ஒரு தடவை சர்வர் வரைக்கும் போய்வரணும். டி.எல்.எஸ். 1.3-னா இன்னொரு தடவை, பழைய 1.2-னா ரெண்டு தடவை. சென்னையில் இருந்து அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருக்கிற சர்வருக்குப் போய்வர 200 மில்லிசெகண்டுக்கு மேலேயே ஆகும். 200-னே வெச்சுக்கோங்க. டி.என்.எஸ். நேரத்தையும் சர்வர் வேலை செய்யுற நேரத்தையும் விட்டுட்டு, டி.எல்.எஸ். 1.3-க்குக் கணக்குப் போட்டா, புதுக் கனெக்‌ஷன்ல ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு 600 மில்லிசெகண்ட். ஏற்கெனவே திறந்திருக்கிற கனெக்‌ஷன்ல 200தான். ஆயிரம் ரிக்வெஸ்ட் ஒண்ணு பின்னாடி ஒண்ணா போனா, முதல் வழியில 10 நிமிஷம். ரெண்டாவது வழியில மூன்றரை நிமிஷம்கூட ஆகாது. 1997-ல வந்த ஹெச்.டி.டி.பி. 1.1-லயே கனெக்‌ஷனை மூடாம வெச்சிருக்கிறதுதான் வழக்கமான நடைமுறை. வசதி எப்பவோ வந்தாச்சு, பயன்படுத்துறது நம்ம கையில.

2. செஷன் திறங்க; சரியான இடத்துல திறங்க

‘ரிக்வெஸ்ட்ஸ்.கெட்’ ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள்ளே ஒரு செஷன் உருவாக்கி, வேலை முடிஞ்சதும் மூடிடும். நீங்களே ‘ரிக்வெஸ்ட்ஸ்.செஷன்’ ஒண்ணு உருவாக்கி, அதுல ‘கெட்’ கூப்பிட்டா, அடியில இருக்கிற யு.ஆர்.எல்.லிப்3 கனெக்‌ஷன்களை ஒரு பூல்ல போட்டு வெச்சு, அடுத்த ரிக்வெஸ்ட்டுக்கு எடுத்துக் கொடுக்கும். இங்கே நிறையப் பேர் சறுக்குற இடம் ஒண்ணு உண்டு. ஃபங்ஷனுக்குள்ளேயே ‘வித்’ போட்டு செஷன் திறப்பாங்க; அந்த ஃபங்ஷனை லூப்ல கூப்பிடுவாங்க. அப்போ ஒவ்வொரு கூப்பிடலுக்கும் செஷன் பிறந்து செத்துடும், ஒரு லாபமும் இல்லை. புரோகிராம் ஆரம்பிக்கும்போது ஒரு செஷன் திறந்து, தேவையான ஃபங்ஷன்களுக்கு அதையே அனுப்புங்க. புரோகிராம் முடியும்போது மூடுங்க.

3. நம்பாதீங்க, லாக்ல பாருங்க

பைதான் லாகிங்கை டீபக் நிலைக்கு மாத்தி ஓட்டிப் பாருங்க. புதுசா கனெக்‌ஷன் திறக்கும்போதெல்லாம் ‘ஸ்டார்ட்டிங் நியூ ஹெச்.டி.டி.பி.எஸ். கனெக்‌ஷன்’னு ஒரு வரி வரும், பக்கத்துல பிராக்கெட்ல ஒரு எண் இருக்கும். செஷன் இல்லாத லூப்ல அந்த வரி ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் வரும், எண் எப்பவும் 1-ஆவே நிக்கும். ஏன்னா ஒவ்வொண்ணும் ஒரு புதுப் பூலோட முதல் கனெக்‌ஷன். செஷன் போட்ட பிறகு அந்த வரி ஒரே ஒரு தடவை வந்து, அதுக்குக் கீழே ரிக்வெஸ்ட் வரிகள் மட்டும் வரிசையா ஓடணும். எண் 2, 3-னு ஏறிக்கிட்டே போனா பூல்ல கனெக்‌ஷன் திரும்பி வரலைன்னு அர்த்தம். ‘ரீசெட்டிங் டிராப்ட் கனெக்‌ஷன்’னு வந்தா எதிர்ப்பக்கம் சர்வர் முன்னாடியே மூடிடுச்சுன்னு அர்த்தம்.

லினக்ஸ்ல ‘எஸ்.எஸ்.’ கமாண்டும் போட்டுப் பாருங்க. நாம மூடின கனெக்‌ஷன் 60 நொடி ‘டைம்-வெயிட்’ நிலையில நிக்கும், அதுவரை அந்த போர்ட்டும் மாட்டிக்கிட்டு இருக்கும். வழக்கமான செட்டிங்ல 32768-ல இருந்து 60999 வரைக்கும்தான் இதுக்கான போர்ட்கள். ஒரே சர்வரை நோக்கி நொடிக்கு 470 கனெக்‌ஷனுக்கு மேல திறந்து மூடிட்டே இருந்தா, ஒரு நிமிஷத்துலயே போர்ட் தீர்ந்து போய் எர்ரர் கொட்ட ஆரம்பிச்சுடும்.

4. பூல் அளவை வேலைக்கு ஏத்தபடி வைங்க

ரிக்வெஸ்ட்ஸ்ல ரெண்டு எண் உண்டு. ரெண்டுக்கும் இயல்பான மதிப்பு 10. ‘பூல் கனெக்‌ஷன்ஸ்’ங்கிறது எத்தனை ஹோஸ்ட்டுக்குப் பூல் வெச்சுக்கணும்ங்கிறது. ‘பூல் மேக்ஸ்சைஸ்’ங்கிறது ஒரு ஹோஸ்ட்டுக்கு எத்தனை கனெக்‌ஷன் சேமிச்சு வைக்கணும்ங்கிறது. 50 த்ரெட் ஒரே செஷன் வழியா ஒரே ஹோஸ்ட்டைக் கூப்பிட்டா, இயல்பான செட்டிங்ல மிச்ச 40 கனெக்‌ஷனையும் திறக்கும், ஆனா வேலை முடிஞ்சதும் தூக்கிப் போட்டுடும். ‘கனெக்‌ஷன் பூல் இஸ் ஃபுல்’னு எச்சரிக்கை வர்றது இதனாலதான். ஹெச்.டி.டி.பி. அடாப்டர்ல மேக்ஸ்சைஸை த்ரெட் எண்ணிக்கைக்குச் சமமா ஏத்தி, செஷன்ல மவுண்ட் பண்ணுங்க. அதுக்காக 500, 1000-னு வாரி இறைக்காதீங்க. எதிர்ப்பக்கம் இருக்கிறவங்களோட சர்வரும் தாங்கணும். அவங்க சொல்லியிருக்கிற ரேட் லிமிட்டைப் படிச்சுட்டு எண்ணை வைங்க.

5. ரெஸ்பான்ஸை முழுசா படிச்சு முடிங்க

பக்கத்து வீட்டுல வாங்கின பாத்திரத்தைக் காலி பண்ணி, கழுவித்தானே திருப்பிக் கொடுப்போம்? கனெக்‌ஷனும் அப்படித்தான். ‘ஸ்ட்ரீம்’ ஆன் பண்ணிட்டு, ஸ்டேட்டஸ் கோடை மட்டும் பார்த்துட்டுப் பாடியைப் படிக்காம விட்டா, அந்தக் கனெக்‌ஷன் பூலுக்குத் திரும்பாது. பாடி வேணும்னா கடைசி வரைக்கும் படிங்க. வேண்டாம்னா ரெஸ்பான்ஸை ‘க்ளோஸ்’ பண்ணுங்க. ஸ்ட்ரீம் பண்ற இடத்துல எல்லாம் ‘வித்’ போட்டு எழுதினா மறக்கவே மறக்காது.

6. டைம்அவுட் இல்லாம ஒரு ரிக்வெஸ்ட்கூட வேண்டாம்

ரிக்வெஸ்ட்ஸுக்குத் தானா டைம்அவுட் கிடையாது. நீங்க சொல்லலைன்னா, எதிர்ப்பக்கம் பதிலே வராட்டியும் காத்துக்கிட்டே இருக்கும். இருக்கிற த்ரெட் எல்லாம் இப்படி மாட்டிக்கிட்டா மொத்த ஆப்பும் நின்னு போகும். கனெக்ட் ஆகறதுக்கு ஒரு நேரம், பதிலுக்கு ஒரு நேரம்னு தனித்தனியா கொடுங்க, உதாரணமா 3.05 நொடியும் 27 நொடியும். ரெண்டாவது எண் மொத்த டவுன்லோடுக்கான நேரம்னு நினைச்சுடாதீங்க. ஒரு பைட்கூட வராம எவ்வளவு நேரம் பொறுக்கலாம்ங்கிற அளவு அது. ஹெச்.டி.டி.பி.எக்ஸ். லைப்ரரியில 5 நொடி டைம்அவுட் தானாவே இருக்கும். பூல்ல இடம் கிடைக்கக் காத்திருக்கிறதுக்கும் தனி டைம்அவுட் வைக்கலாம்.

7. ரீட்ரை வைங்க, ஆனா கண்ணை மூடிக்கிட்டு வைக்காதீங்க

சும்மா இருக்கிற கனெக்‌ஷனை சர்வர் ரொம்ப நேரம் வெச்சிருக்காது. இயல்பான செட்டிங்ல எஞ்சின்எக்ஸ் 75 நொடியும், அப்பாச்சி 5 நொடியும் பொறுக்கும். சர்வர் மூடுற அதே நொடியில நம்ம ரிக்வெஸ்ட் போனா, ‘கனெக்‌ஷன் ரீசெட்’னு வந்து நிக்கும். அப்பப்போ மட்டும் வந்து மறையுற எர்ரர்னா முதல்ல இதைச் சந்தேகப்படுங்க. ஐடில் நேரத்தை மாத்த முடிஞ்ச லைப்ரரியில, சர்வரோட நேரத்தைவிடக் குறைவா வைங்க.

யு.ஆர்.எல்.லிப்3-யோட ‘ரீட்ரை’யை அடாப்டர்ல கொடுத்தா அதுவே மறுபடி முயற்சி பண்ணும். ரிக்வெஸ்ட் கிளம்பின பிறகு தப்பு நடந்தா, கெட், புட், டெலீட் மாதிரி திரும்ப அனுப்பினாலும் விளைவு மாறாத ரிக்வெஸ்ட்களுக்கு மட்டும்தான் இயல்பா ரீட்ரை பண்ணும், போஸ்ட்டைத் தொடாது. பணம் கட்டுற ரிக்வெஸ்ட் ரெண்டு தடவை போனா யாரோ ஒருத்தரோட அக்கவுன்ட்ல ரெண்டு தடவை பணம் போகும். போஸ்ட்டுக்கு ரீட்ரை கட்டாயம் வேணும்னா, அந்த ஏ.பி.ஐ.யில ஐடெம்பொட்டன்சி கீ (ரெண்டாவது தடவை வந்தாலும் அதே ரிக்வெஸ்ட்தான்னு சர்வர் கண்டுபிடிக்க உதவுற அடையாளம்) வசதி இருக்கான்னு பார்த்துட்டுத்தான் போடணும். 429, 503 வந்தா ‘ரீட்ரை-ஆஃப்டர்’ ஹெடர் சொல்ற நேரம் வரைக்கும் பொறுங்க.

8. ஒரு செஷனை எல்லாருக்கும் பொதுவாக்காதீங்க

செஷன் குக்கீயையும் சேர்த்து வெச்சுக்கும். ரெண்டு யூசருக்கு ஒரே செஷன்னா, ஒருத்தரோட லாகின் குக்கீ இன்னொருத்தரோட ரிக்வெஸ்ட்ல போயிடும். அதே மாதிரி செஷன் ஹெடர்ல ஏ.பி.ஐ. கீ வெச்சா, அந்தச் செஷன்ல எந்த ஹோஸ்ட்டைக் கூப்பிட்டாலும் அந்தக் கீ கூடவே போகும். ஒவ்வொரு ஏ.பி.ஐ.க்கும் தனிச் செஷன், லாகின் இருந்தா ஒவ்வொரு யூசருக்கும் தனிச் செஷன். த்ரெட் போட்டு எழுதினா த்ரெட்டுக்கு ஒரு செஷன் வெச்சுக்கிறது பாதுகாப்பு; அப்படி வெச்சா 4-வதுல சொன்ன மாதிரி மேக்ஸ்சைஸை ஏத்த வேண்டியதில்லை. குனிகார்ன், செலரி மாதிரி ஃபோர்க் ஆகற இடத்துல, ஃபோர்க் ஆன பிறகு ஒர்க்கருக்குள்ளே செஷன் திறங்க. முன்னாடியே திறந்து ரிக்வெஸ்ட் அனுப்பிட்டா, ஒரே சாக்கெட்டை ரெண்டு ப்ராசஸ் பிடிச்சுக்கிட்டு பதில்கள் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும்.

9. வேற லைப்ரரியா, வேற மொழியா? அங்கேயும் இதே கணக்குதான்

ஏ.ஐ.ஓ.ஹெச்.டி.டி.பி.யில ‘கிளையன்ட் செஷன்’ தனித்தனி யூசர் லாகின் இல்லாதவரை மொத்த ஆப்புக்கும் ஒண்ணு போதும். கோ மொழியில பாடியை முழுசா படிச்சு, மூடவும் செய்யணும். ஒரு ஹோஸ்ட்டுக்கு ஐடிலா 2 கனெக்‌ஷன்தான் இயல்பா வெச்சுக்கும், நிறையக் கூப்பிடுறவங்க ஏத்திக்கணும். நோட்.ஜே.எஸ். 19-ல இருந்து, கனெக்‌ஷனை மூடாம வெச்சிருக்கிற கீப்-அலைவ் தானாவே ஆன். அதுக்குப் பழைய வெர்ஷன்னா ஏஜென்ட்ல நீங்க ஆன் பண்ணணும். டாட்நெட்ல ‘ஹெச்.டி.டி.பி. கிளையன்ட்’டை ஒவ்வொரு தடவையும் புதுசா உருவாக்காதீங்க. அதுக்கு அடியில இருக்கிற ஹேண்ட்லரோட ‘பூல்டு கனெக்‌ஷன் லைஃப்டைம்’ இயல்பா முடிவில்லாதது, டி.என்.எஸ். மாறினாலும் பழைய ஐ.பி.யிலேயே ஒட்டிக்கிட்டு இருக்கும். அதனால ஒரு நேர அளவு கொடுத்துடுங்க.

இதுல எல்லாத்தையும் இன்னிக்கே செய்யணும்னு இல்லை. உங்க ப்ராஜெக்ட்ல லூப்புக்குள்ளே ‘ரிக்வெஸ்ட்ஸ்.கெட்’ எங்கெல்லாம் இருக்குன்னு தேடுங்க. அங்கே செஷனையும் டைம்அவுட்டையும் போடுங்க, டீபக் லாக்கைத் திறந்து வெச்சுக்கிட்டு ஒரு தடவை ஓட்டுங்க. பெரிய மெஷின் கேட்டு மேனேஜர்கிட்ட போறதெல்லாம் அதுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்.