எக்சோசோம்: குப்பையும் அல்ல, சர்வரோக நிவாரணியும் அல்ல

நம் செல்கள் கொழுப்புப் படலத்தாலான நுண்பைகளில் சிறு ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளை வைத்து மற்ற செல்களுக்கு அனுப்புகின்றன. எக்சோசோம் எனப்படும் இந்தப் பைகளின் அளவு ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர். அழகு சிகிச்சை விளம்பரங்கள் வரை இந்தப் பெயர் வந்துவிட்டதால், நிரூபணமானது எது, வெறும் நம்பிக்கை எது என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை 1: இவை செல் வெளியேற்றும் குப்பை.

உண்மை: முதிரும் சிவப்பணுக்கள் தமக்கு இனி வேண்டாத புரதங்களை இப்பைகளில் வெளியேற்றுவது 1983-இல் தெரிந்தது. அதனால் குப்பை என்ற எண்ணம் வேரூன்றியது. 2007-இல் சுவீடனின் கோத்தன்பர்க்கில் யான் லோட்வால் குழுவினர், எலியின் மாஸ்ட் செல்கள் (ஒருவகை நோய் எதிர்ப்புச் செல்கள்) வெளியிட்ட எக்சோசோம்களை மனித மாஸ்ட் செல்களுக்குக் கொடுத்தனர். மனித செல்களுக்குள் எலிப் புரதங்கள் உருவாயின! பைக்குள் வந்த, புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ. போன இடத்திலும் வேலை செய்திருந்தது. அப்பைகளில் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களும் இருந்தன. சுமார் 22 எழுத்து நீளமே உள்ள இவை, புரத உற்பத்தியைக் கட்டுப்படுத்துபவை.

நம்பிக்கை 2: ஒவ்வொரு பையிலும் மைக்ரோ ஆர்.என்.ஏ. நிறைந்திருக்கிறது.

உண்மை: 2014-இல் எண்ணிப் பார்த்தபோது, மிகுதியாகக் காணப்படும் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.யின் ஒரே ஒரு பிரதியைக் காணக்கூடச் சராசரியாக நூற்றுக்கும் மேற்பட்ட பைகள் தேவைப்பட்டன. இரத்தத் திரவத்தில் உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.யில் பெரும்பங்கு, பைகளுக்கு வெளியே ஆர்கோநாட் போன்ற புரதங்களோடு ஒட்டியிருப்பதை 2011-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஆகவே, ஒரு விளைவைக் கண்டதும் பைக்குள் இருந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.தான் காரணம் என்று முடிவுகட்டக் கூடாது.

நம்பிக்கை 3: பைகளில் ஆர்.என்.ஏ. அனுப்புவது விலங்குகளுக்கு மட்டுமே உரியது.

உண்மை: கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடோப்சிஸ் செடி, தன்னைத் தாக்கும் போட்ரைடிஸ் பூஞ்சைக்குள் இத்தகைய பைகளில் சிறு ஆர்.என்.ஏ.க்களை அனுப்பி, நோயுண்டாக்கும் மரபணுக்களை அடக்குகிறது. 2018-இல் இது வெளியானது. பயிர்ப் பாதுகாப்புக்கு இது திறந்துவிடும் வழி பெரியது.

நம்பிக்கை 4: எக்சோசோம் ஊசி, அங்கீகாரம் பெற்ற சிகிச்சை.

உண்மை: அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எந்த நோய்க்கும் எக்சோசோம் மருந்து எதையும் அங்கீகரிக்கவில்லை. நெப்ராஸ்காவில் அனுமதியற்ற எக்சோசோம் தயாரிப்புகளைப் போட்டுக்கொண்டவர்களுக்குக் கடும் பாதிப்புகள் ஏற்பட்டதாகத் தகவல் வரவே, 2019 டிசம்பரில் அது பொது எச்சரிக்கை விடுத்தது. ஊசி போட அழைப்பவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எந்த செல்லிலிருந்து எடுத்தது? உள்ளே என்ன, எவ்வளவு இருக்கிறது? யார் அனுமதித்தது? மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லையென்றால் கையை நீட்டாதீர்கள்.