ஜன்னல் திட்டில் ஐந்து ஓடுகள்

அன்பு மகனுக்குப் பெரியப்பா எழுதுவது.  

நீ அனுப்பிய படத்தைப் பெரியம்மாதான் போனில் பெரிதாக்கிக் காட்டினாள். புனே அருகே உன் கசார்வாடி வீட்டு ஜன்னல் திட்டில் ஐந்து பானையோடுகள், அரைச் செங்கல், பச்சை பூத்த ஒரு செப்புக்காசு. கோட்டை ஏறப் போன வழியில் கிளறி எடுத்தவையாம். நண்பர்கள் சேர்ந்து மெட்டல் டிடெக்டர் வாங்கப் போகிறார்களாம். பெரியம்மாவுக்கு ஒரே பெருமை, தெருவெல்லாம் காட்டிவிட்டாள். பெரியப்பாவுக்குத்தான் இரண்டு நாளாகத் தூக்கம் பிடிக்கவில்லை.

திட்டுவதற்காக எழுதும் கடிதம் இல்லை இது. ஆனால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. வேலைக்குப் போய் இரண்டு வருஷம்கூட ஆகாத பிள்ளைக்குப் போலீஸ் ஸ்டேஷன் வாசல் எதற்கு?

நம் மேலக்கிணறு வெட்டிய கதையை உன் அப்பா சொல்லியிருப்பான். முதுமக்கள் தாழி வந்ததும், கடப்பாரை பட்டு அது உடைந்ததும் உனக்குத் தெரியும். உள்ளே இருந்த கறுப்பு சிவப்புக் கிண்ணத்தை யார் தூக்கிப் போனார் என்பதை மட்டும் அவன் விட்டிருப்பான். பன்னிரண்டு வயசில் கிணற்று மேட்டில் நின்று அதைப் பார்த்தவன் உன் பெரியப்பா. கிண்ணம் அதைத் தூக்கிப் போனவர் வீட்டு அலமாரியில் இருபது வருஷம் இருந்தது. பாகப்பிரிவினையின்போது ஓட்டைச் சாமான்களோடு குப்பைக்குப் போனது. தாழி எத்தனை அடி ஆழத்தில் இருந்தது, பக்கத்தில் இரும்பு கிடந்ததா, எலும்பு எப்படி இருந்தது, ஒருவரும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. அவர் வீட்டுக் கல்யாணங்களுக்குப் பெரியப்பா ஏன் போவதில்லை என்று கேட்டாயே, இதற்காகத்தான்.

உன் ஊர்ப் பக்கமே ஒரு தாழி வந்தது. புனேக்குக் கிழக்கே கோட் ஆற்றங்கரையில் இனாம்காவ். 1968 முதல் டெக்கான் கல்லூரிக்காரர்கள் பதினைந்து ஆண்டுகள் அங்கே தோண்டினார்கள். சங்காலியா, தவலீகர், அன்சாரி ஆகியோர் நடத்திய அகழாய்வு. நான்கு கால் வைத்த மண்தாழி. உள்ளே சம்மணமிட்ட நிலையில் ஒரு ஆண். தாழி இருந்தது ஊர் நடுவில், ஐந்து அறை வீட்டின் முற்றத்தில். அந்த வீட்டில் தானியக் களஞ்சியமும் இருந்தது. இத்தனையும் இருந்த இடத்திலேயே பதிவானதால்தான் அவர் ஊர்த்தலைவராக இருக்கலாம் என்று மூவாயிரம் வருஷம் கழித்துச் சொல்ல முடிந்தது. நம் கிணற்றில் கிடந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை.

தைமாபாத் கதையும் அதுதான். 1974இல் அகமத்நகர் மாவட்டத்தில் ஓர் உழவர் மரத்தடியைத் தோண்டியபோது நான்கு வெண்கலச் சிற்பங்கள் வெளிவந்தன. இரட்டை மாடு பூட்டிய தேர், யானை, காண்டாமிருகம், எருமை. எல்லாம் சேர்ந்து அறுபது கிலோவுக்கு மேல். அவற்றைப் பிற்கால ஹரப்பாவைச் சேர்ந்தவை என்றார் எஸ்.ஏ. சாலி. உலோகக் கலவையைப் பார்த்த டி.பி. அகர்வால் ஐயப்பட்டார். முறையான அகழாய்வில், மண்ணடுக்கோடு சேர்ந்து வந்திருந்தால் அந்த வாதத்துக்கே இடமிருந்திருக்காது. கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரிதான் கி.மு. 580 என்று காலம் சொன்னது. ஆழம் தெரியாத கரி அடுப்புக்கரிதான்.

சரி, கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கச் சொல்கிறாரா என்று கேட்பாய். ரத்னகிரிக்குப் போய்ப் பார். அங்கே சுதிர் ரிஸ்பூட் என்ற பொறியாளரும் நண்பர்களும் விடுமுறை நாட்களில் ஊர் ஊராக நடந்தார்கள். மாடு மேய்ப்பவர்களிடமும் பள்ளிப் பிள்ளைகளிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும், பாறையில் படம் ஏதாவது பார்த்ததுண்டா என்று கேட்டார்கள். 'சடா' என்று அவர்கள் சொல்லும் செம்புரைக்கல் மேட்டில் புல்லையும் மண்ணையும் விலக்கினால் யானை, புலி, திருக்கை மீன், கொங்கணத்தில் இன்று இல்லாத காண்டாமிருகம். ஆயிரத்துக்கு மேற்பட்ட செதுக்கல்கள். வீடு கட்டக் கல் வெட்டும் மேடுகள் அவை. அவர்கள் நடக்காமல் இருந்திருந்தால் பல உருவங்கள் யார் வீட்டுச் சுவரிலோ போயிருக்கும். 2022இல் காஷேலி, பார்சு, உக்ஷி முதலிய இடங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. ஒரு கல்லையும் அவர்கள் வீட்டுக்குத் தூக்கிப் போகவில்லை.

நம் பக்கமும் இப்படித்தான். கீழடிப் பள்ளியில் வரலாறு நடத்திய ஆசிரியர் பாலசுப்பிரமணியம் 1970களிலேயே அங்கே கிடைத்த பழம்பொருள்களைத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தார். மண்வெட்டி விழுந்தது 2015இல். திருப்புல்லாணி அரசுப் பள்ளியில் ஆசிரியர் ராஜகுருவின் தொன்மைப் பாதுகாப்பு மன்றப் பிள்ளைகள் கல்வெட்டுப் படித்தார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளால் முடியும்போது உன்னால் முடியாதா?

முடிவு உன்னுடையதுதான், வற்புறுத்தவில்லை. டிடெக்டர் வாங்கினால் நாலு காசு கிடைக்கலாம், அதோடு வம்பும் கிடைக்கும். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கசார்வாடியில் லோணாவளா லோக்கல் ஏறி மளவ்லியில் இறங்கு. போன வருஷம் பாஜா குகைக்கு நாம் நடந்த அதே வழி. தரையில் ஓடு தெரிந்தால் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடு, இடத்தைக் குறி, ஊர்க்காரர் அதை என்ன பெயரிட்டு அழைக்கிறார் என்று கேட்டு எழுது, தொட்டு நகர்த்தாதே. மழை நாளில் பழைய மராத்தி ஆவணங்களின் மோடி எழுத்துப் படிக்கலாம். புனே ஆவணக் காப்பகத்தில் பேஷ்வா தப்தர் காகிதங்கள் வாசிக்க ஆளில்லாமல் குவிந்திருக்கின்றன. 1910இல் வரலாற்றறிஞர் ராஜ்வாடே தொடங்கிய பாரத இதிகாச சம்சோதக் மண்டலும் உன் ஊரில்தான் இருக்கிறது. முதலில் அந்தக் காசையும் ஓடுகளையும் எடுத்த இடம் மறப்பதற்குள் எழுதி, எரவாடாவில் டெக்கான் கல்லூரியில் கொண்டுபோய்க் காட்டு. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல், பெரியப்பா ரயில் ஏறி வருகிறேன்.

நிறையப் பேசிவிட்டேன், கண்ணு. மனசில் வைத்துக்கொள்ளாதே. நம் வீட்டில் மண்ணைக் குனிந்து பார்த்த முதல் பிள்ளை நீதான். அந்தப் படத்தைப் பார்த்ததும் பெரியப்பாவுக்கும் கண் கலங்கியது, அதைப் பெரியம்மா எழுதச் சொன்னாள். பொங்கலுக்கு வா. அதிரசத்துக்கு இப்போதே வெல்லம் வாங்கி வைத்திருக்கிறாள். நல்ல கேமரா ஒன்றுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன், உன் அப்பாவிடம் சொல்ல வேண்டாம். வந்ததும் நாம் இருவரும் மேலக்கிணற்றுக்குப் போய்த் தாழி இருந்த பக்கச் சுவரை அளந்து குறித்து வைப்போம். இடம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.