டிரங்குப் பெட்டிச் சேலையும் மணலூர் அம்மாவின் கிராப்பும்



இந்த மாதப் பாடம் சேமிப்பு பற்றியதும் இல்லை, வங்கிக் கடன் பற்றியதும் இல்லை. நாம் கட்டுகிற சேலையையும் தலைமுடியையும் பற்றியது. "இதெல்லாம் ஒரு பாடமாம்மா?" என்று இரண்டு குழுவில் கேட்டுவிட்டார்கள். ஆனால் எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும், தீர்மான நோட்டை மூடி வைத்த அடுத்த நிமிடம் பேச்சு அங்கேதான் போகிறது. யார் என்ன கட்டியிருந்தா, யார் முடியை வெட்டிக்கிட்டா, அதுக்கு அவ மாமியார் என்ன சொன்னாங்க. பேசத்தான் போகிறோம், கொஞ்சம் ஒழுங்காகப் பேசுவோம் என்று நினைத்தோம்.

முதலில் ஒரு பழைய கதை. கதை என்றால் கட்டுக்கதை இல்லை, நடந்தது.

1930 டிசம்பரில், அப்போது நம் தஞ்சை மாவட்டத்துக்குப் பக்கத்து மாவட்டமாக இருந்த இராமநாதபுரத்தில், ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேல் உடம்பை மூடக்கூடாது. பூ வைக்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது. தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக்கூடாது, சட்டை, பனியன் போடக்கூடாது, தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக்கூடாது. மீறினவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. ஹட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தப் பட்டியலைத் தன் புத்தகத்தில் பதிவு செய்து வைத்திருப்பதால் இன்றைக்கும் படிக்க முடிகிறது. அதற்கு முன்பே தெற்கே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலைக்காகப் பல வருடம் போராடி, 1859-ல்தான் மேலே துணி போட்டுக்கொள்ள அரசாங்க உத்தரவு வாங்கினார்கள்.

பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். ரவிக்கை, பூ, மஞ்சள், கிராப்பு. இன்றைக்கு நாம் "அலங்காரம்தானே" என்று தள்ளுகிற சாமான்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒருத்தரை அடக்கி வைக்க நினைப்பவர்கள் முதலில் கை வைக்கிற இடம் உடையும் முடியும்தான்.

நம் காவிரிப் பக்கத்திலேயே இதைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டிய ஒருவர் இருந்தார். மணலூர் மணியம்மை. (பெரியாரின் துணைவியார் மணியம்மையார் வேறு, இவர் வேறு. பயிற்சியில் பாதிப்பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.) பிராமணக் குடும்பத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே நாகப்பட்டினத்து வக்கீல் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, சீக்கிரமே கணவரை இழந்தவர். அந்தக் காலத்தில் அந்தக் குடும்பங்களில் புருஷன் செத்துப்போனால் பெண்ணுக்குத் தலையை மழித்து, ரவிக்கை இல்லாமல் ஒற்றைப் புடவையைச் சுற்றி மூலையில் உட்கார வைப்பார்கள். மணியம்மை மூலையில் உட்காரவில்லை. காங்கிரசுக்குப் போனார், பிறகு கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்து பண்ணையாட்களையும் குத்தகைக்காரர்களையும் திரட்டினார். முடியைக் கிராப்பாக வெட்டிக்கொண்டார். வேட்டி கட்டி, ஆண்கள் போடும் சட்டை போட்டார். சைக்கிள் ஓட்டினார், சிலம்பம் கற்றுக்கொண்டார், ஜெயிலுக்கும் போனார்.

கவனியுங்கள். மற்றவர்கள் பிடித்து வைத்து மழித்ததும் அவர் தலைதான், தானே கிராப்பு வைத்துக்கொண்டதும் அதே தலைதான். இரண்டிலும் முடி குறைந்துதான் போனது. ஆனால் முதலாவதில் அவரை யாரும் கேட்கவில்லை.

சேற்றிலும் வரப்பிலும் ராத்திரி பகலாக நடக்கிறவருக்கு வேட்டி சட்டை சௌகரியமாகவும் இருந்திருக்கும். 1953-ல் ஒரு கொம்பு மான் குத்தி அவர் இறந்து போனார். எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் ஊர் ஊராகப் போய் அவரைத் தெரிந்தவர்களிடம் விசாரித்து, 'பாதையில் பதிந்த அடிகள்' என்ற நாவலாக எழுதினார். நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

நாம் எல்லாரும் வேட்டி கட்டவேண்டும் என்று சொல்ல வரவில்லை! ஆனால் ஆண்பிள்ளைச் சட்டை நமக்குப் புதுசும் இல்லை. நாற்று நடுகிற இடத்திலும், நூறுநாள் வேலையிலும், உப்பளத்திலும் சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டுதானே நிற்கிறோம்? வெயிலுக்கும் ஆகிறது, சேலையும் விலகுவதில்லை. யாரும் சொல்லித்தரவில்லை, நம் பெண்களே கண்டுபிடித்த உடை அது. நைட்டியும் அப்படித்தான். மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விடுகிறோம். 2018-ல் ஆந்திராவில் தோகலப்பள்ளி என்ற ஊரில் பகலில் பெண்கள் நைட்டி போட்டால் 2,000 ரூபாய் அபராதம் என்று ஊர்ப் பெரியவர்கள் வைத்தார்கள். காட்டிக்கொடுத்தால் 1,000 ரூபாய் பரிசாம். பகலில் லுங்கியோடு திண்ணையில் உட்கார்கிற ஆம்பளைக்கு அபராதம் வைத்ததாக நாம் கேள்விப்படவில்லை.

சரி, இனிமேல் காரியத்துக்கு வருவோம். தீபாவளி, ரம்ஜான், கோவில் திருவிழா வந்தால் உள்கடன் கேட்டு வருகிற மனுவில் துணிக்கடன் எத்தனை என்று உங்கள் குழு நோட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை டிரங்குப் பெட்டியைத் திறக்கலாம். பட்டணத்தில் இப்போது பழைய மாதிரிச் சேலைக்குத்தான் மவுசு. அம்மாவும் பாட்டியும் கட்டின கட்டம் போட்ட பருத்தி, முழங்கை வரைக்கும் வந்த ரவிக்கைக் கை, சாவித்திரி, பத்மினி காலத்துப் பஃப் கை என்று தேடிப்போய்ப் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். நமக்கு அது வீட்டுப் பரணிலேயே கிடக்கிறது.

நம் ஊர் வழியாகப் போகிற ரயில் பாதையின் ஒரு முனை திருவாரூர். மறுமுனை காரைக்குடி. அங்கே நெய்வதுதான் கண்டாங்கி. கெட்டிப் பருத்தி, பெரிய கட்டம், அகலமான கரை, கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு என்று பளிச் என்ற நிறம். பழைய கண்டாங்கி கணுக்காலுக்கு மேலே நிற்கும், நடக்கத் தடுக்காது. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே கிடைத்துவிட்டது. உண்மையான சுங்குடியில் புள்ளி, துணியை நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுப்பதால் வருவது. அதனால் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது, துணி லேசாகச் சுருங்கித் தெரியும். எல்லாப் புள்ளியும் அச்சுப்போல் இருந்தால் அது அச்சடித்ததுதான், அந்த விலை கொடுக்காதீர்கள். மயிலாடுதுறைக் கூறைநாட்டில் பட்டும் பருத்தியும் கலந்து நெய்த கூறைப்புடவை யார் வீட்டிலாவது இருந்தால் பாத்திரக்காரரிடம் போட்டுவிடவேண்டாம்.

பழைய சேலை எங்கே கிழியும்? தரையில் உரசுகிற கீழ்க்கரையிலும், இடுப்பில் செருகுகிற இடத்திலும். முந்தானையும் மார்புப் பக்கமும் பெரும்பாலும் நன்றாக இருக்கும். சேலை ஐந்தரை மீட்டர். ஒரு ரவிக்கைக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர், ஒரு சுடிதார் டாப்புக்கு இரண்டரை மீட்டர் போதும். அப்படியென்றால் ஒரு கிழிந்த கண்டாங்கியில் மகளுக்கு ஒரு டாப்பு, நமக்கு ஒரு ரவிக்கை. தையல் கற்ற உறுப்பினர் குழுவிலேயே இருந்தால் கூலியும் குழுவுக்குள்ளேயே நிற்கும். வெட்டுவதற்கு முன் துணியை நனைத்துக் காயப்போடுங்கள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இழை விட்ட இடத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். பல வருஷம் ஒரே மடிப்பில் இருந்த சேலை அந்த மடிப்பில்தான் விடும். அதனால் வருஷம் இரண்டு தடவை மடிப்பை மாற்றி வையுங்கள். வெயிலில் போடவேண்டாம், நிழலில் உலர்த்தினால் போதும்.

முடிக்கு வருவோம். கடற்கரைப் பக்கத்துக் குழு ஒன்றில் ஒரு அக்கா காய்ச்சலுக்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, மிச்சத்தைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தார். கூட்டத்தில் ஒரே அமைதி. அவரே சிரித்துக்கொண்டு, "மீன் கூடை தூக்குற தலைக்கு இதான்டி சுகம், சும்மாடு நல்லா உக்காருது" என்றார். வீட்டில் மூன்று நாள் பேசவில்லையாம். அடுத்த மாதம் அதே குழுவில் ஒரு ராத்தா எங்களிடம் மெதுவாகக் கேட்டார். "நாங்க வெளிய வரும்போது மூடிக்கிட்டுதான் வருவோம். அதுக்காக உள்ள எப்படி இருக்கணும்னு ஆசை இருக்காதாம்மா?" நியாயமான கேள்வி. மூடிக்கொள்வதும் மூடாததும், பின்னுவதும் வெட்டுவதும் அவரவர் முடிவு. தன் கண்ணாடிக்கு நன்றாக இருந்தாலே போதும்.

சில விவரங்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட வளரும். வெட்டினால் அடர்த்தியாக வளரும் என்பது சும்மா பேச்சு, முடி வளர்வது வேரில், நாம் வெட்டுவது நுனியை. ஆனால் பிளந்த நுனி போய்விடும், சிக்கு குறையும், பேன் சீவ எளிது. பிரசவம் ஆகி மூன்று, நான்கு மாதத்தில் முடி கொட்டுவது வழக்கம், பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் சரியாகிவிடும். அதற்குப் பிறகும் கொட்டினால் எண்ணெய் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ரத்தசோகையாகவோ தைராய்டாகவோ இருக்கலாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். நெற்றி ஓரத்தில் முடி பின்வாங்கினால் ஜடையை இறுக்கிப் பின்னுவதுதான் காரணமா என்று பாருங்கள்.

பார்லருக்குப் போனால் "ஸ்டெப் கட்", "யூ கட்" என்று பெயர் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடாமல், எதுவரைக்கும் வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டுங்கள். ஈர முடி நீளமாகத் தெரியும், காய்ந்தால் மேலே ஏறும். சுருட்டை முடி இன்னும் ஏறும். நினைத்ததை விட இரண்டு விரல் நீளமாகவே வெட்டச் சொல்லுங்கள், போதாவிட்டால் மறுபடி வெட்டலாம்.

இதை எழுதும்போது எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் வந்தது. கணவரை இழந்த உறுப்பினர்கள் சிலர் இன்னமும் வெளிர் நிறச் சேலையில்தான் கூட்டத்துக்கு வருகிறார்கள், குழுப் படம் எடுக்கும்போது பின்வரிசைக்குப் போய்விடுகிறார்கள். சிலருக்கு அது அவர்கள் மனசு, தொடக்கூடாது. சிலருக்கு ஊர் வாய்க்குப் பயம். எது எது என்று வெளியிலிருந்து வருகிற நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது? பக்கத்தில் உட்கார்கிற உங்களுக்குத்தான் தெரியும்.

குழுவில் பேச:

நம் குழுவில் உடைக்காகவோ முடிக்காகவோ யாரையாவது நாமே கிண்டல் செய்திருக்கிறோமா?

போன வருஷம் துணிக்கு வாங்கிய உள்கடன் மொத்தம் எவ்வளவு? அதில் இன்னும் பாக்கி எவ்வளவு?

பின்வரிசையில் நிற்கிற உறுப்பினரிடம் நாம் எப்போதாவது, "உனக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்று கேட்டிருக்கிறோமா?

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு பழைய சேலை கொண்டு வாருங்கள். யாருடையது, எந்த வருஷத்தது, எங்கே வாங்கியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தால் கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு நாள் காட்சிக்கு வைக்கலாம். கத்தரிக்கோலும் இஞ்சுடேப்பும் நாங்கள் கொண்டு வருகிறோம்.